தளவானூர்க் கண்ணாடிகள்

அந்த மரப்பெட்டி பள்ளிக்கூடப் பையன்களின் ஜியோமெட்ரி பாக்ஸைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். உள்ளே இரு பக்கமும் பல் பல்லாக வெட்டிய பள்ளங்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு கண்ணாடி ஸ்லைடு நிற்கும். ஸ்லைடில் பொட்டு அளவுக்கு ஒரு துளி ரத்தம் காய்ந்திருக்கும். பக்கத்தில் இன்னொரு துளியை நாக்கு வடிவத்தில் மெல்லியதாக இழுத்திருப்பார்கள். அந்த இழுப்பின் மேல் பென்சிலால் எண் கீறியிருக்கும். ஏழு என்ற எண்ணுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு போடுகிற பழக்கம் எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. செஞ்சியில் ரத்தம் பார்க்கிற வேலையிலிருந்து ஓய்வுபெற்று வந்தபோது நான் வீட்டுக்கு எடுத்துவந்த ஒரே சாமான் அந்தப் பெட்டி. பரணில் தையல் மிஷினுக்குப் பின்னால் கிடந்தது. என் மருமகள் இரண்டு முறை குப்பையில் போடப் பார்த்தாள். இரண்டு முறையும் நான் சத்தம் போட்டேன். எதையும் சேர்த்து வைக்கிற ரகம் அல்ல நான். அதைத் தூக்கிப் போடப் பயமாக இருந்தது, வைத்திருக்கவும் பிடிக்கவில்லை.

அந்தக் குறுக்குக்கோட்டு ஏழுக்காரரை ஊர்ப்பக்கம் எல்லோரும் மலேரியாக்காரர் என்பார்கள். ஆஸ்பத்திரியிலும் அதுவே பெயராகிவிட்டது. சைக்கிளில் காக்கிப் பையை மாட்டிக்கொண்டு பதினைந்து நாளுக்கு ஒரு சுற்று, மண்டகப்பட்டு, தளவானூர், சீயமங்கலம் என்று ஊர் ஊராகப் போவார். வாசலில் நின்று யாருக்காவது காய்ச்சலா என்று கேட்பார். இருந்தால் விரலில் குத்தி ஸ்லைடில் ரத்தம் எடுப்பார், கசப்பு மாத்திரை கொடுப்பார், கதவுக்குப் பக்கத்துச் சுவரில் தேதி எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். எடுத்த ஸ்லைடுகள் என் மேஜைக்கு வரும். சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. புலம்பாத நாள் கிடையாது அவருக்கு. "சீயமங்கலத்து நாய்ங்களுக்கு எங்காலு மேல இன்னா பாசமோ தெரியல லேபம்மா, எல்லையிலயே வந்து நிக்குதுங்க" என்பார். லேபில் இருப்பதால் நான் லேபம்மா. எனக்கு அவர் அண்ணன். புலம்பினாலும் ஸ்லைடைச் சுத்தமாகக் கொண்டுவருகிற ஒரே ஆள் அவர்தான்.

எங்கள் தொழிலின் ஒரு ரகசியத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஊரில் காய்ச்சல் இருக்கிறதோ இல்லையோ, மாதத்துக்கு இத்தனை ஸ்லைடு வந்தாக வேண்டும். குறைந்தால் மெமோ. அதனால் மாதக் கடைசியில் களப்பணியாளர்கள் ஏதாவது புளியமரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, தங்கள் விரலிலேயே குத்தி, ஒரே ரத்தத்தைப் பத்து ஸ்லைடில் இழுத்து, தெரிந்த பத்துப் பேரின் பெயரைப் போட்டுவிடுவார்கள். நிழலில் உட்கார்ந்து எடுத்ததால் அதற்கு எங்களுக்குள் 'நிழல் ஊர்' என்று பெயர். இன்றைக்கு எந்த ஊர், நிழல் ஊரா நிஜ ஊரா என்று நானே கேலி செய்திருக்கிறேன். நல்ல ஆளின் ரத்தத்தில் கிருமி இருக்காது. எல்லாம் நெகட்டிவ் என்று எழுதுவேன். யாருக்கும் நஷ்டம் இல்லை. நாங்கள் அப்படித்தான் நினைத்தோம்.

ஒரு சித்திரையில் தளவானூர் என்று அவர் கொடுத்த பத்து ஸ்லைடும் பாசிட்டிவாக இருந்தன. பத்திலும் கிருமி. கண் எரிச்சலோ என்று எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். மேலிடத்துக்குத் தகவல் போனது, மருந்தடிக்கிற ஆட்கள் தளவானூருக்குப் போனார்கள். ஊர் ஜனம் பானை சட்டியை வெளியே இறக்கிவைத்து, நாள் முழுக்க அந்த நாற்றத்தில் உட்கார்ந்திருந்தது. ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. "அந்த மனுஷன் எங்க ஊட்டுப் பக்கம் வந்தே ரெண்டு மாசம் ஆவுது" என்று ஒரு அம்மாள் சொன்னதை மருந்தடித்தவர்கள் திரும்பிவந்து சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்கள்.

அவரை லேபுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். யாருடைய ரத்தம் இது என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, கை கழுவுகிற தொட்டியைப் பார்த்தார். "கல்லு ஒடைக்க வந்த ஆளு ஒருத்தன்மா. அவங்கிட்ட எடுத்ததத்தான் பத்தா இழுத்துட்டேன். அவன் ஊருக்குப் போய்ட்டான்" என்றார். அவனுக்கு மாத்திரை கொடுத்தீர்களா என்றேன். "குடுத்தேன், குடுத்தேன்." உங்களுக்கும் மெமோ வரும், எனக்கும் வரும், இனிமேல் இந்த வேலை வேண்டாம் என்று கறாராகச் சொன்னேன். சரி என்று தலையாட்டினார். செஞ்சியின் சித்திரை வெயில் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்; மூன்று பக்கமும் பாறை மலை, சாயங்காலம்கூட அனல் அடங்காது. அந்த வெயிலில் அவர் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழுத்துவரை போட்டு, துண்டை வேறு சுற்றிக்கொண்டு நின்றார். பார்த்தேன், நன்றாக நினைவிருக்கிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த மாதம் மண்டகப்பட்டு என்று வந்த ஸ்லைடுகளில் மறுபடியும் அதே கிருமி. கல்லுடைப்பவன் திரும்பிவிட்டான் போல, இந்த மனிதர் திருந்தவில்லை என்று எரிச்சல்பட்டேன். பாசிட்டிவ் என்று எழுதினால் இந்த முறை விசாரணை வரும், அவர் வேலை போய்விடும். நெகட்டிவ் என்று எழுதினேன். அவருக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். என் தலையும் தப்பியது, அதையும் மறைக்க வேண்டாம். நெகட்டிவ் ஸ்லைடுகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவி மறுபடி பயன்படுத்துவோம். சிலதை மேலே மறுபரிசோதனைக்கு எடுப்பார்கள். அங்கே போனால் என் பொய் வெளியே வந்துவிடும். எனவே அந்த ஸ்லைடுகளைப் பெட்டியில் போட்டு, மேலே சரிபார்த்துத் திரும்பி வந்திருந்த தளவானூர்ப் பத்தையும் அதோடு சேர்த்துப் பூட்டினேன். இப்படி மார்கழி வரை, விட்டுவிட்டுப் பல முறை நடந்தது. அவர் நன்றி என்று எதுவும் சொல்லவில்லை. ஒரு நாள் மட்டும் என் மேஜையில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது.

அந்தக் காய்ச்சலில் ஒரு சங்கடம் உண்டு. கசப்பு மாத்திரை குளிரை நிறுத்தும், ஆனால் கிருமியின் விதை ஈரலில் ஒளிந்திருந்து சில வாரம் கழித்துத் திரும்ப வரும். அந்த விதையை அழிக்க வேறொரு மாத்திரை வேண்டும். கசப்பு மாத்திரை எல்லாக் களப்பணியாளர்களின் பையிலும் கிடக்கும். மற்றது ஆஸ்பத்திரி அலமாரியில் பூட்டியிருக்கும். பாசிட்டிவ் பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் கையில் வரும். பெயர் ஏற வேண்டுமானால் இது என் ரத்தம் என்று ஒருவர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தை பிறந்து சில நாளில், ஏரிக்கரைச் சரிவில் அவர் சைக்கிளோடு விழுந்தார். பெரிய அடி இல்லை. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு டீ குடித்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அன்று சாயங்காலமே பெரிய ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். மலேரியா திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு வீங்குவதுபோல மண்ணீரல் மிகவும் வீங்கியிருந்ததாம், விழுந்ததில் கிழிந்துவிட்டதாம். எங்கள் ஆபீஸ் காகிதத்தில் சைக்கிள் விபத்து என்று முடிந்தது. நான் போனபோது அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "குளுருது குளுருதுன்னு சொல்லிக்கினேதாம்மா வண்டிய எடுத்தாரு" என்றார். அந்த நிமிஷமே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. மீதியைப் புரிந்துகொள்ள நான் இடம் கொடுக்கவில்லை. கல்லுடைப்பவன் ஒருவன் இருந்தான், அவன் ஊருக்குப் போய்விட்டான் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

போன வருஷம் ஓர் ஆராய்ச்சிப் பெண் வீடு தேடி வந்தாள். பழைய ஸ்லைடுகளில் காய்ந்த ரத்தத்திலிருந்து கிருமியின் மரபணுவை எடுத்து, அது எந்தக் கிருமியின் வழிவந்தது, எங்கிருந்து எப்போது வந்தது என்று பார்க்கிறார்களாம். "அந்தக் காலத்துல செஞ்சிக் கோட்டையில இருந்த பட்டாளமெல்லாம் காய்ச்சல்ல செத்துச்சின்னு சொல்றாங்க இல்ல மேடம். அந்தக் கிருமியும் நீங்க பாத்த கிருமியும் சொந்தமான்னு கண்டுபிடிக்கணும்" என்றாள். பழைய ஆஸ்பத்திரிகளில் கேட்டால் எல்லாவற்றையும் கழுவிவிட்டார்கள் என்கிறார்களாம். பெட்டியை எடுத்துக்கொண்டு போம்மா என்று கொடுத்துவிட்டேன். பரணில் ஏறி இறங்க முட்டிக்கு முடியவில்லை என்பது ஒரு காரணம். எந்த எண் எந்த ஊர், எந்த மாதம் என்று பெட்டி மூடியில் குறித்திருந்ததை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

போன வாரம் திரும்பி வந்தாள். பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "மேடம், இதுல மூணு ஊரு, முப்பது பேருன்னு இருக்குது. ஆனா ரத்தம் எல்லாம் ஒரே ஆளோடது. ஒரு ஆம்பள. அதே கிருமி சித்திரையில இருந்து மார்கழி வரைக்கும் அவருக்குத் திரும்பத் திரும்ப வந்திருக்குது. யாரும் அவருக்கு முழுசா மருந்து குடுக்கல போல" என்றாள். அவள் யாரையும் குற்றம் சொல்லவில்லை. அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்கூட. ஒரே உடம்பில் இத்தனை மாதத்துக் கிருமி கிடைப்பது அபூர்வமாம். பெட்டியைத் திறந்து அந்தக் குறுக்குக்கோட்டு ஏழைப் பார்த்தேன். இத்தனை மாதம் ஒரு மனிதரின் நோயை ஒரு கண்ணை மூடி லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். அவரே எதிரில் வந்து நின்றபோது பார்க்கவில்லை.

யாருடைய ரத்தம் என்று அவள் கேட்டபோது தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் மனைவி இன்னும் குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறார். செத்தவர் பெயரில் மோசடி என்று யாராவது கிளப்பினால் என்ன ஆகும் என்று அவளிடமே கேட்டேன். "பேரு எங்கயும் வெளிய வராது மேடம், நம்பராத்தான் இருக்கும்" என்றாள். எனக்குக் களைப்பாக இருந்தது. இந்தப் பொய்யைச் சுமந்த களைப்பு. அவர் செய்ததைச் சொன்னேன், நான் நெகட்டிவ் என்று எழுதியதைச் சொன்னேன், அந்த மாத்திரையைச் சொன்னேன், மண்ணீரலைச் சொன்னேன். பாதியில் அவள் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டாள். அவளுக்குப் போட்ட காபி ஆறி ஏடு படிந்திருந்தது.

பிறகு, இது எங்கள் கோப்பில் மட்டும்தான் இருக்கும் என்று சொல்லி ஒரு படிவத்தை என் பக்கம் நகர்த்தினாள். திறந்த பெட்டியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். நோயாளியின் பெயர் என்ற இடத்தில் பேனா நின்றது. மலேரியாக்காரர் என்றே சொல்லிப் பழகியதால் முழுப் பெயர் நினைவுக்கு வரக் கொஞ்ச நேரமானது. இனிஷியலோடு அவர் பெயரை எழுதினேன். அதற்கு நேராக, பாசிட்டிவ் என்று எழுதினேன். அன்றைக்கு அலமாரியிலிருந்து அந்த மாத்திரையை எடுத்துக் கொடுக்க இவ்வளவுதான் தேவைப்பட்டது.