வெள்ளைக் கல்லும் பல் டாக்டரும்

படகிலிருந்து இறங்குகிறவர்களை அவர் எண்ணுவார். திரும்ப ஏறுகிறவர்களையும் எண்ணுவார். இரண்டு கணக்கும் ஒத்துப்போனால் நிம்மதி அடைவார் என்று நினைத்தால் அவரைத் தெரியாது என்று அர்த்தம். எங்கேயோ இரண்டு தப்பு ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு நிற்கிறது என்று தோன்றிவிடும்.

அந்தச் சின்னத் தீவின் கடலோர நடைபாதையைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. ஊரில் எல்லோருக்கும் அவர் பாதைக்காரர். மூன்று கிலோமீட்டர் பாதை. ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. முட்டிவலிக்காரர்கள்கூட ஒன்றரை மணி நேரத்தில் சுற்றிவந்து, படகுத்துறையில் அவர் மனைவி நடத்தும் டீக்கடையில் உட்கார்ந்துவிடலாம். வழியெல்லாம் முயலும் நண்டும். அதிர்ஷ்டம் இருந்தால் கொஞ்சம் தள்ளி டால்பின். எல்லாவற்றுக்கும் மேலாக ஆலாக்கள்: கறுப்புத் தொப்பி போட்ட வெள்ளைக் கடற்பறவைகள். கூடு என்று பெரிதாக ஒன்றும் கட்டாது. மணலில் ஒரு குழி, அதில் கூழாங்கல்லைப் போலவே புள்ளி போட்ட முட்டைகள், அவ்வளவுதான்.

பாதையின் தொடக்கத்தில் ‘சுலபமான நடை’ என்று அலுவலகம் பலகை வைத்திருந்தது. பாதைக்காரருக்கு அந்த வார்த்தையில் நம்பிக்கை கிடையாது. கரடுமுரடான வழியில் மனிதன் கீழே பார்த்து நடக்கிறான். சுலபமான வழியில் கடலைப் பார்த்துக்கொண்டே முட்டைமேல் கால் வைக்கிறான். அதனால் பறவைகள் முட்டையிடும் மாதங்களில் அவரே ஒரு ஏற்பாடு செய்திருந்தார். ஒவ்வொரு குழிக்கும் இடது பக்கம், ஒரு சாண் தள்ளி, வெள்ளை பெயின்ட் அடித்த ஒரு கல். கல்லைக் கண்டால் ஒதுங்கி நட என்று அர்த்தம். இது இரண்டாவது வருஷம். பெயின்ட் அடிப்பது, காயவைப்பது, வைப்பது எல்லாம் அவர் கையாலேயே. இதற்கு ஒரு உதவியாள் போடுகிறோம் என்று அலுவலகம் சொன்னபோது, வருகிறவன் யாரோ எவரோ என்று மறுத்துவிட்டார்.

இந்த வருஷம் இருபத்து மூன்று கல் வைத்தார். இரண்டே வாரத்தில் ஒன்பது குழி காலி. ஓடுகூட இல்லை. பறவையோ எலியோ தின்றிருந்தால் ஓடு கிடக்க வேண்டும். ஓடு இல்லை, ஆகவே கை வைத்தது மனிதன். தீர்ப்பு அப்போதே ஆகிவிட்டது, குற்றவாளிதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்துத் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம். தீவில் முட்டைகள் காணாமல் போவதாகத் தகவல் வந்திருக்கிறது, வியாழக்கிழமை அதிகாரி வருகிறார், நிலைமை சரியில்லையென்றால் பாதையை மூடிவிட்டு அவரைக் கரைக்கு மாற்றுவோம். கரையில் அவருக்கு வைத்திருந்த வேலை, ஒரு கிடங்கில் உட்கார்ந்து ரப்பர் பூட்ஸ் எடுத்துக் கொடுப்பது.

“பாதை மூடினா படகு வராது. படகு வரலேன்னா நான் யாருக்கு டீ போடறது, நண்டுக்கா?” என்றாள் மனைவி.

“தகவல் வந்திருக்குன்னு போட்டிருக்கான். யாரு குடுத்தது?”

“அதுவா இப்ப முக்கியம்? முட்டை எங்க போகுதுன்னு பாருங்க.”

“ரெண்டும் ஒரே ஆளாத்தான் இருக்கும்.”

அவர் சந்தேகம் பல் டாக்டர்மேல் விழுந்தது. கரையில் சொந்தமாக மருத்துவமனை வைத்திருக்கும் மனிதர் செவ்வாயும் சனியும் தனியாகப் படகேறி வருகிறார். மற்றவர்கள் ஒன்றரை மணியில் சுற்றும் பாதையில் நாலு மணி நேரம் போக்குகிறார். கையில் ஒரு பெரிய பெட்டி. படகு ஓட்டும் மைத்துனனை விசாரித்தார்.

“பல் டாக்டர் எதுக்குடா கடலோரம் வரணும்?”

“ஏன் மச்சான், அவருக்குக் காலு கிடையாதா?”

“பெட்டியத் தூக்கிப் பாத்தியா? வரும்போது கனமா, போகும்போது கனமா?”

“நான் படகு ஓட்டறேன், தராசு வெச்சிருக்கல.”

சனிக்கிழமை, டாக்டர் இறங்கும்போதே பாதைக்காரர் வழி மறித்தார்.

“பெட்டியில என்னங்க?”

“சாப்பாடு.”

“இவ்வளவு பெரிய பெட்டியிலயா?”

“பசி பெரிசுங்க,” என்று சொல்லிவிட்டு டாக்டர் நடந்தார். திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் நடந்தார். குற்றமுள்ள பார்வை என்று பாதைக்காரர் முடிவுகட்டினார்.

பின்னாலேயே போய் மூன்றாவது பெஞ்சுக்கு எதிரே இருந்த புதருக்குள் உட்கார்ந்தார். முள் குத்தியது; கடமை என்று பொறுத்துக்கொண்டார். டாக்டர் பெஞ்சில் அமர்ந்து, அக்கம்பக்கம் பார்த்து, பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றிய எதையோ எடுத்தார். துணி விலகியது. முட்டை.

பாதைக்காரர் புதரோடு எழுந்தார். சட்டையில் பாதிப் புதர் கூடவே வந்தது.

“அது எங்கேருந்து வந்துச்சு?”

டாக்டர் அசரவில்லை. “உங்க வீட்டம்மா கடையிலேருந்து. அவிச்சது. உப்பு வேணுமா?”

பாதைக்காரர் வாங்கி, முகர்ந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோழி முட்டைதான். கோழியில் மேற்கொண்டு விசாரிக்க ஒன்றுமில்லை.

“அப்ப நாலு மணி நேரம் இங்க என்ன பண்றீங்க?”

“உண்மையச் சொல்லட்டுமா? உங்களைத்தான் கவனிச்சிட்டிருந்தேன். எங்கெங்க முட்டையோ அங்கெல்லாம் ஒரு ஆள் அடையாளக் கல்லு வெக்கிறாரு. கொஞ்ச நாள்ல முட்டை காணோம். கூட ஆள் சேக்க மாட்டேங்கறாருன்னு படகுல சொன்னாங்க. நீங்களா இருந்தா என்ன நினைப்பீங்க?”

பாதைக்காரர் கொஞ்சம் யோசித்தார். தாமாக இருந்தால் இரண்டாம் நாளே பிடித்துக் கொடுத்திருப்பார்.

“அப்ப ஆபீசுக்கு எழுதினது?”

“நான்தான்.”

ஆக, சந்தேகப்பட்டது சரியான ஆளைத்தான். குற்றம் மட்டும் வேறு. அதில் திருப்திப்படுவதா ஆத்திரப்படுவதா என்று அவர் தீர்மானிப்பதற்குள் ஒரு கடற்காகம் பாதையில் வந்து இறங்கியது. சாம்பல் முதுகும் மஞ்சள் மூக்குமாக, வாடகை வாங்க வந்த வீட்டுக்காரர் தோரணையில் நடந்து, ஒரு வெள்ளைக் கல்லின் முன்னால் நின்றது. நிமிர்ந்து மேலே சுற்றிய ஆலாவைப் பார்த்தது. சரியாக ஒரு சாண் வலது பக்கம் நகர்ந்தது. குனிந்தது. முட்டையை முழுசாகக் கவ்விக்கொண்டு பாறைப் பக்கம் பறந்துவிட்டது.

இரண்டு பேரும் போய்க் குழியைப் பார்த்தார்கள். அதில் இருந்தது அந்த ஒரு முட்டைதான்.

“ஓடு கிடைக்காததுக்குக் காரணம் அதுதான் போல,” என்றார் டாக்டர். “நானும் கவனிக்கலைங்க. உங்க கையவே பாத்துட்டிருந்துட்டேன்.”

பாதைக்காரரும் பார்த்ததில்லை. இரண்டு வாரமாக இறங்குகிறவர்களின் பைகளையே பார்த்துக்கொண்டிருந்தவர், தலைக்குமேல் வானம் என்று ஒன்று இருப்பதை விசாரணையில் சேர்க்கவேயில்லை. போன வருஷம் கற்களுக்கு அர்த்தம் தெரியாத பறவை, இந்த வருஷம் தெரிந்துகொண்டு வந்திருக்கிறது. திருடனுக்கு வீடு வீடாகக் கோடு போட்டுக் கொடுத்தது அவரேதான்.

அன்று மதியமே எல்லாக் கற்களையும் எடுத்தார். டாக்டரும் பெட்டியில் அள்ளிப் போட்டுத் தூக்கினார். ஆனால் சும்மா எடுத்துவிட்டால் கடற்காகத்துக்குக் கற்கள்மேல் சந்தேகம் வராது, மறுபடியும் தேடும் என்று பாதைக்காரருக்குப் பட்டது. ஆகவே ஒரு குழியும் இல்லாத இடங்களாகப் பார்த்து, பாறை இடுக்கிலும் வெறும் மணலிலும் இருபத்து மூன்றையும் வைத்தார்கள். மறுநாள் கடற்காகம் கல் கல்லாகப் போய் ஏமாந்து நின்றதை அவர் மனைவியைக் கூட்டிவந்து காட்டினார்.

“உங்களுக்கு இப்பதாங்க சரியான ஜோடி கிடைச்சிருக்கு,” என்றாள் அவள்.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். ரப்பர் செருப்பும் கறாரான முகமுமாக ஒரு பெண்மணி. முதல் கல்லுக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார்.

“இங்க முட்டையே இல்லையே.”

“இல்லைங்க மேடம். இது பொய்க் கல்லு.”

“நிஜக் கல்லு எது?”

மழுப்பலாம். கடற்காகம் திருடுகிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம், அது பொய்யுமில்லை. ஆனால் அரைகுறையாகச் சொல்லுகிறவனை அவரே நம்பமாட்டார். “நிஜக் கல்லு வெச்சதாலதான் மேடம் போச்சு. வழி காட்டினது நான்தான். பத்துக் குழி போச்சு. சனிக்கிழமைக்கு அப்புறம் ஒண்ணும் போகலை. பதிமூணு இருக்கு, வாங்க, எண்ணிப் பாருங்க.”

அதிகாரி எண்ணினார். ஒவ்வொன்றுக்கும் பாதைக்காரர் கண்ணாலேயே ஜாடை காட்டினார், கை நீட்டவில்லை. பதிமூன்றும் இருந்தன. அதிகாரி வெகுநேரம் எழுதினார்.

“பாதை திறந்தே இருக்கட்டும். ஆனா அடையாளம் எதுவும் கூடாது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால நீங்களே நடக்கணும். குழி எங்கன்னு உங்க மனசுல மட்டும் இருக்கணும். முடியுமா?”

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மேலிட உத்தரவு அவருக்கு முழுக்கப் பிடித்துப்போனது. ஆனாலும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அடுத்த படகில் பதினோரு பேர் இறங்கினார்கள். அவர் முன்னால் நடந்தார்.

“முட்டை எங்கேங்க இருக்கு?” என்று ஒரு அம்மாள் கேட்டாள்.

“இருக்கு.”

“எந்தப் பக்கம்?”

“என் கால் போற வழியிலயே வாங்கம்மா, போதும்.”

ஏதோ உறுத்தித் திரும்பினார். வரிசையின் கடைசி ஆளுக்குப் பின்னால், பன்னிரண்டாவதாக, கடற்காகம் நடந்து வந்துகொண்டிருந்தது. கற்களைப் பார்க்கவில்லை. அவர் கண் போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தது.

பாதைக்காரர் நின்றார். வலது பக்கம் மூன்று முட்டை இருந்தது. முகத்தை மெதுவாக இடது பக்கம் திருப்பி, ஒன்றுமில்லாத மணலை வெகு அக்கறையாகப் பார்த்தபடி மேலே நடந்தார்.