பக்கத்திரைத் தஹானி

தஹானியின் வாயில் எப்போதும் கொண்டை ஊசி இருக்கும். ஆண்டு விழா மாதத்தில் அவள் சொல்வதில் பாதியை எதிரில் நிற்பவர்கள்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். அலெக்ஸாந்திரியாவில், ருஷ்தி டிராம் நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கும் மதாம் இனாயத்தின் பாலே பள்ளியில், சின்னப் பிள்ளைகளின் தலையை இழுத்து வாரி, கொண்டை போட்டு, வலை மாட்டி, ஊசி குத்துகிறவள் அவள்தான். "வலிக்குது அப்லா" என்று பிள்ளை சிணுங்கினால், "அழகா இருக்கணும்னா வலிக்கத்தான் செய்யும், குனி" என்பாள். பள்ளியில் அக்கா, டீச்சர், ஆயா மூன்றும் சேர்ந்த ஆளுக்குத்தான் அப்லா என்று பெயர். இனாயத் மட்டும் மதாம்.

ஆனால் கொண்டை போடுவது பெரிய வேலை இல்லை. பெரிய வேலை அரங்கில் உட்கார்ந்திருக்கிற யார் கண்ணுக்கும் தெரியாது. மேடைக்கு இடது பக்கத்துத் திரைக்குள் நின்றுகொண்டு, எல்லா ஆட்டத்தையும் அவள் ஆடிக் காட்டுவாள். விளக்கு வெளிச்சம் முகத்தில் அடித்ததும் சின்னதுகளுக்குக் கற்றதெல்லாம் மறந்துபோகும். அதனால் சேர்ந்த முதல் நாளே சொல்லிவிடுவாள்.

"மறந்துட்டா யாரைப் பாக்கணும்?"

"அப்லாவை!"

"அப்லா எங்க நிப்பா?"

"திரைக்குள்ள!"

எதிரே நின்று பார்க்கிற பிள்ளைக்குக் குழம்பக் கூடாதென்று இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் மாற்றிப் போட்டு ஆடுவாள். விழாப் படங்களைப் பார்த்தால் எல்லாப் பிள்ளைகளின் முகமும் ஒரே பக்கம் திரும்பியிருக்கும். அங்கே அப்படி என்னதான் இருக்கிறது என்று ஒரு தாய்தகப்பன்கூடக் கேட்டதில்லை. முடிவில் மாலைபோல முத்துச்சரம் தொங்க மதாம் மேடையேறிப் பூங்கொத்து வாங்குவாள். தஹானி கீழே குனிந்து யாரோ தொலைத்த ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பாள்.

இத்தனையும் மகள் நூரானுக்காக. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு பிள்ளைக்கு மிஞ்சியது இந்தப் பள்ளிதான்; வேலைக்காரி மகள் என்பதால் காசில்லாமல் கற்றாள். தன் பெண் திரைக்கு வெளியே, நடு மேடையில், தனியாக ஒரு தடவை ஆட வேண்டும். அதைத் தான் அரங்கில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தஹானிக்கு வேறு ஆசை கிடையாது. போன வருடம் மதாமே வாயைத் திறந்து சொன்னாள்: "அடுத்த வருஷம் கடைசி ஆட்டம், தனி ஆட்டம், நூரானுக்குத்தான். என் கண்ணாணை." தஹானி அன்றைக்கே வெள்ளைத் துணி வாங்கித் தைக்க உட்கார்ந்துவிட்டாள்.

இந்த வருடம் விழா நெருங்கும் சமயத்தில் இன்னொரு மாணவி ஃபரீதாவின் அம்மா நெவீன் ஒரு பெரிய அட்டைப் பெட்டியோடு வந்தாள். பணக்காரர்கள் குடியிருக்கும் கஃபர் அப்தோவில் தோட்டம் வைத்த வீடு அவளுடையது. அரங்க வாசலில் தொங்கும் பதாகையில் அவள் புருஷனின் இனிப்புக்கடைப் பெயர்தான் பள்ளியின் பெயரைவிடப் பெரிதாக இருக்கும். பெட்டியைத் திறந்தால் உள்ளே மணி கோத்த வெள்ளை உடுப்பு.

"ஃபரீதாவுக்குத் தச்சாச்சு மதாம். தனியா ஆடும்போது போட்டுக்கட்டும்."

ஃபரீதா தனியாக ஆடுவாள் என்று யாரும் சொல்லவில்லை. நெவீனும் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடலாம். தைத்துக்கொண்டு வந்து நீட்டினால் என்ன சொல்வது? மதாம் உடுப்பைத் தடவிப் பார்த்து, அழகு அழகு என்று உருகினாள்.

நெவீன் போனதும் தஹானி வாயிலிருந்த ஊசிகளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"மதாம், நூரான்?"

"டிரஸ் தச்சுட்டாங்களேம்மா, நான் என்ன பண்ணட்டும்?"

"நானும்தான் தச்சு வச்சிருக்கேன்."

"ஃபரீதா குழந்தை மாதிரி, கிடைக்கலன்னா அழுவா. உன் பொண்ணு புரிஞ்சுக்குவா."

"ரெண்டு பேருக்கும் ஒரே வயசு மதாம்."

"அதைத்தானே சொல்றேன்! உன் பொண்ணு எவ்வளவு பக்குவம்! எல்லாம் நீ வளத்த வளப்பு." பாராட்டிக்கொண்டே கழுத்தை அறுப்பதில் மதாமுக்கு நிகர் மதாம்தான். "நீயே ஃபரீதாவுக்குச் சொல்லிக்குடு. உன்னைப் பாத்தாதான் அவளுக்கு ஆட்டமே வரும்."

அதென்னவோ உண்மை. நாலு வயதில் திரையைப் பார்க்கப் பழகிய ஃபரீதா இன்னும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. நூரானுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவள் ஆடாத நேரமெல்லாம் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று ஊசி எடுத்துக் கொடுத்தே வளர்ந்தாள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது நூரான் ஃபூல் மொச்சை மசியலைத் தொட்டு ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். "பரவால்லம்மா" என்றாள்.

"என்னடி பரவால்ல? கொஞ்சமாவது அழேன்டி!"

பெண் அழவில்லை. தஹானிதான் சமையலறைக் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதாள்.

விழாவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை குடும்பங்களைக் கூட்டி வைத்து வழக்கமான பாடம் நடந்தது. தலைக்கு எண்ணெய் வேண்டாம். உடை மாற்றும் அறைக்குள் சோறடைத்த காய்கறி மஹ்ஷிச் சட்டி வரக்கூடாது. போன வருடம் ஒரு பெரியம்மா பிள்ளைக்கு ஊட்டிவிட்டதில் அன்னப்பறவை உடுப்பின் நெஞ்செல்லாம் தக்காளிச் சாறு. கடைசியாகத் தஹானி முக்கியமான விஷயத்துக்கு வந்தாள்.

"யாரும் குலவை போடாதீங்க. குலவை கேட்டா ஆட்டம் முடிஞ்சிடுச்சுன்னு பிள்ளைங்க நினைச்சுக்கும். பாதியிலயே குனிஞ்சு வணக்கம் சொல்லிட்டு ஓடி வந்துடும்."

"எங்க பிள்ளைக்கு நாங்க குலவை போடாம வேற யாரு போடுவா? வாயை வீட்டுல வச்சுட்டா வர்றது?" என்றாள் ஒரு அத்தைக்காரி.

"வாயைக் கொண்டு வாங்க அத்தை. நாக்கை மட்டும் வீட்டுல வச்சுட்டு வாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நெவீனின் தங்கைகளும் முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்தார்கள்.

விழாவன்று சின்னதுகளின் ஆட்டமெல்லாம் ஒப்பேறியது. ஒன்று மட்டும் மேடையிலேயே நின்றபடி ஈரமாக்கியது. அது எல்லா வருடமும் உண்டு. தஹானி இடது திரையில். நூரான் எதிரே வலது திரையில், ஆடி முடித்த குஞ்சுகள் ஓடிவிடாமல் பிடித்துக்கொண்டு. கடைசியாக இசை மாறியது. வெள்ளை உடுப்பில் மணிகள் மின்ன ஃபரீதா உள்ளே வந்தாள். வெள்ளைப் பாவாடையைக் கண்டதும் நெவீனின் தங்கைகளுக்குக் கல்யாண வீட்டு ஞாபகம் வந்துவிட்டது போலும். அரங்கு அதிரக் குலவை போட்டார்கள்.

ஃபரீதா சட்டென்று நின்றாள். வருடக்கணக்கில் பழகிய முழங்கால்கள் வணக்கத்துக்கு மடிந்தன. இசை பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. விஷயம் உறைத்ததும் அவள் முகம் இடது பக்கம் திரும்பியது, அப்லா இருக்கிறாள் என்ற தைரியத்தில்.

தஹானி கையைக் கட்டிக்கொண்டாள்.

நில்லுடி, நல்லா நில்லு, உங்கம்மா பார்க்கட்டும் என்று மனதுக்குள் சொன்னாள். எத்தனையோ வருடத்தில் முதல் தடவையாக அவள் கை சும்மா இருந்தது. நெஞ்சுக்குள் இனித்தது, பாவம் என்று ஒரு துளிகூடத் தோன்றவில்லை. ஃபரீதா கெஞ்சுகிற கண்ணோடு மறுபக்கம் திரும்பினாள். திரும்பியவள் கையைத் தூக்கினாள், காலை நீட்டினாள், ஆடத் தொடங்கினாள்.

தஹானி எதிர்த் திரையைப் பார்த்தாள். இருட்டுக்குள், ரப்பர் செருப்பும் பழைய பாவாடையுமாக நூரான் ஆடிக்கொண்டிருந்தாள். பாதி மனதோடு இல்லை. முழு ஆட்டமும், விரல் நுனிவரை. ஒன்றிரண்டு குஞ்சுகள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தன. அந்த ஆட்டத்தைப் பார்க்கத்தான் தஹானி ஒரு நாற்காலிக்கு ஆசைப்பட்டாள். பார்த்துக்கொண்டே வந்தவள் அப்போதுதான் கவனித்தாள். பெண் இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் மாற்றிப் போட்டு ஆடினாள். அதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கைதட்டல் ஓயவில்லை. "நடுவுல ஒரு நிமிஷம் அப்படியே சிலை மாதிரி நின்னா பாத்தீங்களா? முகத்துல என்ன ஒரு பாவம்!" என்று நெவீன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். மதாம் பூங்கொத்தோடு திரைக்குப் பின்னால் வந்து நூரானின் கன்னத்தைக் கிள்ளினாள்.

"உங்கம்மா கை அப்படியே உனக்கு வந்திருக்குடி! அடுத்த வருஷத்துலருந்து வலது பக்கத் திரை உன்னோடது. சரியா?"

"சரி மதாம்" என்றாள் நூரான்.

மதாம் போனதும் மகள் அம்மாவைப் பார்த்தாள்.

"ஏம்மா கையைக் கட்டிக்கிட்டு நின்ன? பாவம்மா அவ."

பதிலுக்கு நூரான் காத்திருக்கவில்லை. கொண்டை அவிழ்க்க வரிசையில் நின்ற குஞ்சுகளில் முதலாவதை முழங்காலுக்கிடையில் நிறுத்தி, தலையிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி உதட்டுக்கிடையில் சொருகிக்கொண்டாள்.

"வாயிலேருந்து எடுடி அதை!" என்று தஹானி போட்ட சத்தத்தில் பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன.

நூரான் ஊசிகளோடு ஏதோ சொன்னாள். ஒரு எழுத்தும் புரியவில்லை. பிறகு அடுத்த பிள்ளையைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.