அம்மா சாட்சியில் விட்டது

எங்கள் சபையில் ஞாயிறுதோறும் சாட்சி சொல்லும் நேரம் உண்டு. காய்ச்சல் விட்டது, பஸ்ஸில் இடம் கிடைத்தது என்று ஆளாளுக்கு எழுந்து கர்த்தருக்கு நன்றி சொல்வார்கள். அம்மா மட்டும் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. ஏழு வயதில் எனக்கு அது பெரிய மானக்கேடாக இருந்தது.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு முதலாளி வீட்டுக்கு அம்மா நூல் சுற்றப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு லீவு நாளில் நானும் கூடப் போனேன். அன்றைக்குப் பார்த்து ஜரிகை சுற்றிய கட்டை ஒன்று காணாமல் போனது. வேலைக்கு வந்திருந்த பெண்கள் மூன்று பேர். முதலாளியம்மா பின்கட்டுக்கு அழைத்துப்போய்ச் சோதித்தது அம்மாவை மட்டும். எங்கள் தெருவின் பெயரே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. முந்தானையைப் பிடித்துக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன்.

மத்தியானம் கட்டை தறிக்குழிக்குள்ளேயே கிடைத்தது. "கெடச்சிடுச்சி, போய் வேலையப் பாரு" என்றாள் முதலாளியம்மா. அவள் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. அம்மாதான், "பரவால்லமா" என்றாள்.

இதைச் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் பெருமையாகச் சொன்னது நான்தான். கேள்விப்பட்ட பாஸ்டர் உருகிப்போனார். கேட்காமலே மன்னித்த சகோதரி என்று, அடுத்த ஞாயிறு அம்மாவைச் சபை முன்னால் நிறுத்தினார்.

அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "எம்மேல பழி போட்டாங்க. அப்பறம் பொருளு கெடச்சிடுச்சி. நான் மன்னிச்சிட்டேன். ஸ்தோத்திரம்."

அவ்வளவுதான், உட்காரப் போய்விட்டாள். கிடைத்த ஒரே வாய்ப்பையும் இப்படி வீணடிக்கிறாளே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. எழுந்து கத்தினேன்.

"ரவிக்கைய கழட்டி உதறிக் காட்டச் சொன்னாங்க பாஸ்டர்! அம்மா அத உட்டுட்டாங்க!"

யாரோ அல்லேலூயா என்றார்கள். சபை முழுக்கச் சேர்ந்து சொன்னது, நானும்தான். அம்மா பாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பும்போது அவள் என் பக்கம் திரும்பாமலே நடந்தாள். எனக்குப் பயம் வந்துவிட்டது.

"எம்மேல கோவமாம்மா?"

"பரவால்லமா."

முதலாளியம்மாவிடம் சொன்ன அதே சொல், அதே குரல். அப்பாடா, மன்னித்துவிட்டாள் என்று அவள் கையைப் பிடிக்கப் போனேன். அம்மா பைபிளை அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். பைபிளைப் பிடித்துப் பிடித்து அந்தப் பக்கத்துக் கை வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்து, மறுபக்கம் ஓடிப்போய் நடந்தேன்.