இரண்டு அரை இன்ச் குழாய்கள்

மொட்டைமாடித் தொட்டியின் அடியில் குந்தி, குழாய் மரையில் தண்ணீர் கசியாமலிருக்கச் சணல் சுற்றிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மாமாவின் கைகள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. எண்பதுகளில் அண்ணனூரில் அப்பாவும் அவரும் அடுத்தடுத்த மனையில் வீடு கட்டினார்கள். ஒரே பணிமனையில் வேலை. போவதும் வருவதும் ஒன்றாகத்தான். போர்வெல் போட்டதும் பொதுவில், தொட்டியும் பொதுவில். கடையில் கிடைத்த ஒரு இன்ச் குழாய், தொட்டி இருந்த மாமா வீட்டுக்குத்தான் எட்டியது. எங்கள் வீட்டுக்கு மண்ணுக்கடியில் அரை இன்ச்சில் இரண்டு குழாய் இழுத்தார். "ரெண்டு அரை சேந்தா ஒண்ணு. இன்னா, சரிதானே?" என்றார். அப்பாவும் தலையாட்டினார்.

கோடை வந்தபோது அம்மாதான் கவனித்தாள். மாமா வீட்டு அண்டா நிரம்பி வழியும்போதும் எங்கள் குடம் பாதிதான் இருக்கும். முதலில் அப்பா அம்மாவைத்தான் கடிந்துகொண்டார். பிறகு அவரும் பார்த்தார். உள்ளே எங்கோ மாமா ரகசியமாக வால்வு வைத்திருப்பார் என்று யாரோ சொல்லிவைக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து குடும்பத்தோடு வந்த மாமாவைப் பார்த்து அப்பா தெருவே கேட்கும்படி, "கூடவே இருந்துகினு தண்ணி திருடிட்டியேடா" என்றார். மாமா குடும்பத்தை உள்ளே அனுப்பினார். அன்றே தன் வீட்டுக் குழாயை அடைத்தார். சில மாதங்களில் வீட்டை விற்றுவிட்டுத் திருநின்றவூருக்குப் போய்விட்டார்.

தொண்ணூறுகளில் நான் டிப்ளமோ முடித்து, அம்பத்தூரில் பம்ப் செய்யும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். குழாய்களில் எவ்வளவு தண்ணீர் ஓடும் என்று கணக்குப் போடுவதே வேலை. ஒருநாள் அப்படிப் போடும்போது எங்கள் வீட்டுக் குழாய்கள் நினைவுக்கு வந்தன. குறுக்களவு பாதியானால் தண்ணீர் போகும் பரப்பு கால்வாசிதான். அரை இன்ச் இரண்டு சேர்ந்தாலும் ஒரு இன்ச்சில் பாதி. சிறு குழாயில் உரசல் அதிகம் என்பதால் அதுவும் குறைந்து, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் வரும். யாரும் திருடவில்லை.

அப்பாவிடம் வட்டங்கள் வரைந்து காட்டினேன். மறுநாள் அவர் என்னையும் அழைத்துக்கொண்டு திருநின்றவூர் போனார். மாமா உட்காரச் சொன்னார், காபி வந்தது. நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். "என் கணக்குதான் தப்பாப் பூட்ச்சிம்மா" என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, "நீ ஒரு வார்த்த கேட்டிருந்தா, ரெண்டு பேருமா தோண்டிப் பாத்திருப்போமேடா" என்றார்.

அப்பா காபியைக் குடித்து முடித்து எழுந்தார். மாமா ஸ்டேஷன்வரை வந்தார். ரயில் நகரும்வரை நின்றார். மறுபடி வா என்று மட்டும் சொல்லவில்லை. அப்பாவும் அதன்பின் போகவில்லை. இப்போது இருவருமே இல்லை.