மூக்கோடு ஒட்டிய பனியன்

பனியன் கம்பெனிகள் நிறைந்த எங்கள் ஊரில், ராயபுரத்துக் கல்யாண மண்டபத்தில் விருந்தாளிகளைக் கேலிச்சித்திரமாக வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். அதுதான் என் பிழைப்பு. அடுத்து வந்த பெரியவர், உட்காருவதற்கு முன் மாதிரிப் படம் ஒன்றை எடுத்து மூக்கோடு ஒட்டி வைத்துப் பார்த்தார்.

அப்பாவும் அப்படித்தான் பார்ப்பார். பனியன் கம்பெனியில் அவருக்குச் செக்கிங் வேலை. துணியில் ஓட்டை இருந்தால் கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும். கண் மங்கிக்கொண்டே வந்ததை அவர் வெளியில் சொல்லவில்லை. துணியை முகத்தருகே தூக்கித் தூக்கிப் பார்த்துச் சமாளித்தார்.

எனக்குப் பத்து வயது. சாப்பாடு கொண்டுபோன இடத்தில், அட்டைப்பெட்டி மூடியில் மார்க்கரால் அப்பாவை வரைந்தேன். பெரிய மூக்கு, அதில் ஒட்டிய பனியன்.

"ஏனுங்கண்ணா, மோந்து பாத்துத்தான் பாஸ் பண்றீங்களா?" என்று படத்தைப் பார்த்துச் செக்கிங் அக்காக்கள் சிரித்தார்கள். சூப்பர்வைசரும் சிரித்தார். பிறகு ஒரு பனியனை எடுத்துத் தள்ளி நின்று விரித்துப் பிடித்தார்.

"இதுல ஓட்டை எங்கீங்க இருக்குது?"

அப்பா வெகுநேரம் பார்த்துவிட்டுத் தோள்பட்டையைக் காட்டினார். வயிற்றுப் பக்கத்து ஓட்டையில் சூப்பர்வைசர் விரலை விட்டு ஆட்டினார்.

அன்றோடு வேலை போயிற்று. வீட்டில் அப்பா அந்த அட்டையை மூக்கருகே வைத்துப் பார்த்தார். "அப்படியே என்னையாட்டமே இருக்குது கண்ணு" என்றார்.

மண்டபத்துப் பெரியவருக்கு மீசையை மட்டும் பெரிதாக்கி, கண்களை நன்றாகத் திறந்து வரைந்தேன். அவர் படத்தை மூக்கோடு வைத்துப் பார்த்தார்.

"என்னையாட்டம் இல்லீங்களே."

"ஆமாங்க" என்றேன்.