அறுப்பு வண்டிக்கு ஓட்டல் பிளகின் மாட்டிய கதை

சங்கரன்கோவிலில் வெப்சைட் செய்து கொடுக்கும் தொழிலுக்கு நான் வந்து பதினேழு வருடம் ஆகிறது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "அக்கா, எந்த பிளகின் நல்லது?" என்றுதான். கட்டி முடித்த சைட்டில் புதிதாக ஒரு வசதியைச் சேர்க்கிற சின்ன மென்பொருள்தான் பிளகின். அந்தக் கேள்விக்கு என்னிடம் நேரடியான பதில் கிடையாது. பேச்சியம்மாள் அக்காவுக்கு நான் செய்ததைச் சொல்லிவிடுவேன்.

பேச்சியம்மாள் அக்காவுக்கு ராயகிரியில் நெல் அறுக்கும் வண்டி மூன்று. டயர் வண்டி இரண்டு. சகதியிலும் இறங்கும் பெல்ட் வண்டி ஒன்று. ஒரு நாள் மத்தியானம் என் ஆபீஸுக்கு வந்தவர், உட்காருவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டார்.

"தங்கச்சி, நேத்து ஒரே வண்டிக்கு ரெண்டு பேரு வரப்புல நின்னு சட்டையப் பிடிச்சிக்கிட்டானுவ. ரெண்டு பேருக்கும் நாந்தான் போன்ல வாரேன்னு சொல்லியிருக்கேன். எனக்கு நெனப்பே இல்ல. அவனுவளே போன்ல புக் பண்ணுத மாதிரி ஒண்ணு செஞ்சி குடு."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அதுவரை துணிக்கடைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் போட்டோவும் போன் நம்பரும் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவள் நான். இது வேலை செய்கிற சைட்! ஆடித்தபசுத் திருவிழாக் கடைகளுக்குள் விட்ட பிள்ளை மாதிரி பிளகின் பட்டியலுக்குள் இறங்கினேன். ஓடும் படத்துக்கு ஒன்று, சாட் பண்ண ஒன்று, மழை வெயில் காட்ட ஒன்று என்று இருபத்து நான்கு சேர்ந்துவிட்டன. புக்கிங்குக்கு எடுத்தது ஓட்டல் அறைகளுக்காகச் செய்த பிளகின். பயன்படுத்தியவர்கள் கொடுத்த ஐந்து நட்சத்திரம், அழகான காலண்டர். 'அறை' என்று இருந்த இடத்தில் 'வண்டி' என்று மாற்றினேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

பிசானப் பருவ நெல் அறுப்பு உச்சத்தில் இருந்தபோது சைட்டைத் திறந்துவிட்டோம். மறுநாள் காலை ஏழு மணிக்கு அக்கா கூப்பிட்டார்.

"ஏட்டி, தொறந்தா வெறும் வெள்ளையா கெடக்கு! நாளைக்குச் சாயந்தரம் மழைன்னு சொல்லுதாவ. எம் போனு விடாம அடிக்கு."

ஆபீஸுக்கு ஓடினேன். விடியற்காலையில் சைட்டின் மெயின் சிஸ்டம் தானாக அப்டேட் ஆகியிருந்தது. உள்ளேயே நுழைய முடியவில்லை. சைட்டை வாடகைக்கு வைத்திருக்கும் ஹோஸ்டிங் கணக்கு வழியாகப் போய், பிளகின்கள் இருந்த ஃபோல்டரின் பெயரை மாற்றினேன். எல்லாம் ஒரே அடியாக அணைந்தன. சைட் மொட்டையாகத் திரும்பி வந்தது! பெயரைப் பழையபடி வைத்து, ஒவ்வொன்றாக ஆன் செய்து பார்த்தேன். பதினான்காவதில் மறுபடியும் வெள்ளை. மழை வெயில் காட்டும் பிளகின். செய்தவர் நான்கு வருடமாக அதைத் தொட்டே பார்க்கவில்லை. அந்தத் தேதி பிளகின் பக்கத்திலேயே போட்டிருந்தது. நான்தான் பார்க்கவில்லை. அதைத் தூக்கி எறிந்ததும் சைட் முழுதாக வந்தது. தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்.

"அக்கா, சரியாயிட்டு!"

"சரி, இன்னைக்கு யார் யாருக்கு வண்டி? சொல்லு."

புக்கிங் பக்கத்தைத் திறந்தேன். 'எத்தனை பேர் தங்குவீர்கள்' என்ற கட்டத்தில் ஒருவர் ஏக்கர் கணக்கைப் போட்டிருந்தார். 'சிறப்புக் கோரிக்கை' கட்டத்தில் இன்னொருவர் 'தண்ணி நிக்கி' என்று எழுதியிருந்தார். அதைவிட மோசம் காலண்டர். முக்கால் ஏக்கருக்கு ஒருவர் கேட்டாலும், ஓட்டல் அறை மாதிரி அந்த வண்டியை நாள் முழுக்கப் பூட்டிவிட்டது. மூன்று பேர் புக் செய்ததுமே மற்ற எல்லோருக்கும் 'காலியில்லை'.

அக்காவிடம் மறைக்காமல் சொன்னேன். பிறகு நானே கேட்டேன்.

"அக்கா, ஒரு வண்டிய அனுப்புததுக்கு ஒங்களுக்கு என்னென்ன தெரியணும்?"

"நாலே நாலு. எந்த ஊரு, எத்தன ஏக்கரு, வயல்ல தண்ணி நிக்கா இல்லையா, போன் நம்பரு. ஒரு ஊருக்குள்ள போன வண்டி அங்கன உள்ளத பூராவும் முடிச்சிட்டுத்தான் வெளிய வரணும். இத மொதல்லயே கேட்டிருக்கலாமில்லா?"

கேட்டிருக்கலாம். காலண்டரே தேவையில்லை! ஒரு ஃபார்ம் பிளகின் போதும். இந்த முறை நட்சத்திரத்தைப் பார்க்கவில்லை. கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், மெயின் சிஸ்டத்தின் இப்போதைய வெர்ஷனோடு ஒத்துப்போகுமா, உதவி கேட்டவர்களுக்குப் பதில் வந்திருக்கிறதா, சிக்னல் குறைந்த போனிலும் திறக்குமா என்று பார்த்தேன். பேக்கப் எடுத்து, சைட்டுக்கு ஒரு நகல் போட்டு, அதில் ஓட்டிப் பார்த்துவிட்டு, பத்து மணிக்கு ஏற்றினேன்.

பத்தே நிமிடத்தில் முதல் பதிவு. அப்புறம் சரமாரியாக! ஊர்வாரியாகத் தானே பிரிந்து விழுந்தது. தண்ணீர் நிற்கிறது என்று வந்ததெல்லாம் பெல்ட் வண்டிக்கு. போனில் அக்கா டிரைவர்களை விரட்டுவது எனக்குக் கேட்டது. "ஏலே, மேக்க போகாத, அங்கனயே இன்னும் அஞ்சு வயலு இருக்கு!" எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சாப்பாடு மறந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் சொன்னபடி மழை அடித்தது. பதிவான வயல்களில் இரண்டு மட்டும் மிஞ்சின. மூன்றாம் நாள் பெல்ட் வண்டியோடு நானும் அங்கே போனேன். கதிர் சாய்ந்து தண்ணீருக்குள் கிடந்தது. அறுத்தார்கள், ஆனால் நெல் நிறைய உதிர்ந்துபோனது. இரண்டு வயல்காரர்களும் முதல் நாள் காலை, பழைய புக்கிங் பக்கத்தில் 'காலியில்லை' என்று பார்த்துத் திரும்பிப் போனவர்கள். சரியான பிறகு யாரோ சொல்லி மறுபடி வந்தபோது, வரிசையில் கடைசியாகிவிட்டார்கள்.

அக்காவின் சைட்டில் இன்று ஆறே பிளகின்தான். புதிதாக யார் சைட் கேட்டு வந்தாலும் நான் பிளகின் பட்டியலைத் திறப்பதில்லை. "நேற்று காலையிலிருந்து சாயங்காலம் வரை என்ன வேலை பார்த்தீர்கள், ஒன்று விடாமல் சொல்லுங்கள்" என்று நோட்டை எடுக்கிறேன். ஒரு பிளகின் எத்தனை லட்சம் பேருக்குப் பிடித்தது என்று நட்சத்திரம் சொல்லும். நம் ஆளுடைய வேலை அதற்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்வது நம் பொறுப்பு.