தப்பைத் தன் பெயரில் எழுதிக்கொண்ட வட்டாட்சியர்

செவ்வாய்க்கிழமை காலை நான் சேத்தியாத்தோப்புப் பேருந்தில் இருந்தபோது கலியபெருமாள் ஐயாவின் மருமகன் போனில் பேசினார். "சார், தலைவர் ஐயா போயிட்டாருங்க." வட்டாட்சியராக ஓய்வு பெற்று, பிறகு இரண்டு முறை ஊராட்சித் தலைவராக இருந்த திரு. கலியபெருமாள் அவர்கள், எண்பத்திரண்டு வயதில், காப்பி குடித்துவிட்டு நாற்காலியிலேயே கண்மூடிவிட்டார். கொடுத்துவைத்த மனிதர்.

நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலம் எடுக்கும் பணியில் அவர் துணை வட்டாட்சியர், நான் நில அளவர். கோபக்காரர். என் கையெழுத்தைப் பார்த்து, "என்னய்யா, கோழி கிண்டி வச்சிருக்கு?" என்பார். அடுத்த நிமிடமே டீ சொல்லுவார்.

ஒரு கிராமத்தில் வீடுகளைக் கணக்கெடுத்தோம். குடும்பத்துக்கு ஒரு மாற்று மனை. ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் உலை தனியென்றால் குடும்பமும் தனி என்பது அந்த ஊர் வழக்கம். வெளியூர்க்காரனான எனக்கு அது உறைக்கவில்லை. வாசல் ஒன்றுதானே என்று ஒரு குடும்பமாக எழுதிவிட்டேன். அண்ணன் பெயர் ஏறியது. இறந்துபோன தம்பியின் மனைவி அஞ்சலை, இரண்டு பெண் குழந்தைகளோடு பின்கட்டில் தனியே சமைத்துக்கொண்டிருந்தவர், பட்டியலில் விடுபட்டுப்போனார். வீட்டை இடித்தால் அவருக்குப் போக்கிடமே இல்லை.

அஞ்சலை அலுவலகத்துக்கே வந்துவிட்டார். "மூணு வருசமா தனியா பொங்கிக்கினு இருக்கோங்க. எங்கள ஏன் வுட்டீங்க?"

என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. கலியபெருமாள் என் பக்கம் திரும்பவேயில்லை.

"நான்தாம்மா பாக்காம வுட்டுட்டேன். தப்பு என்னுது" என்றார்.

மறுநாள் சமைக்கும் வேளையாகப் பார்த்துப் போய், இரண்டு அடுப்பும் எரிவதைக் கண்டு, தன் பிழை என்றே எழுதி, மனையை வாங்கிக் கொடுத்தார். அவருடைய பதவி உயர்வு தள்ளிப்போனது. "போனா போவுது. அந்தப் பொண்ணுக்கு வூடு வந்துச்சில்ல" என்று சிரித்தார்.

ஓய்வுக்குப் பிறகு அந்த மாற்றுக் குடியிருப்பிலேயே குடியேறினார். அந்த மக்களே அவரைத் தேர்தலில் நிறுத்தினார்கள். தெருவிளக்கு, குழாய், ரேஷன் கடை எல்லாம் அவர் கத்திக் கத்தி வாங்கியவை.

அவருடைய இறுதிச் சடங்கில் அஞ்சலையைப் பார்த்தேன். இப்போது பேத்தி எடுத்துவிட்டார். எனக்கு மனம் தாங்கவில்லை. "அம்மா, அன்னைக்கு உங்க பேர விட்டது அவரில்ல. நான்தான்" என்றேன்.

"அது அன்னைக்கே தெரியுங்க. நீங்க உள்ள வராம, வாசல்லயே நின்னு எழுதிக்கினு போனீங்க. பாத்துக்கினுதான இருந்தேன்."

"அப்புறம் ஏம்மா சொல்லல?"

"அவரே தன் மேல போட்டுக்கினாரு. நான் வேற வாயத் தொறந்தா உங்க வேலையில்ல போயிருக்கும்?"

இத்தனை வருடம் ஒருவர்தான் என்னைக் காப்பாற்றினார் என்று நினைத்திருந்தேன்.

சங்கு ஊதினார்கள். "தோள் குடுங்க சார்" என்றார் அஞ்சலை. கொடுத்தேன். போய் வாருங்கள், ஐயா.